உடல் வராத வீடு

லாம்போல் கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், குடும்பக் கல்லறைகளுக்கு நடுவே, எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாத ஒரு சின்னக் கல் கட்டடம் இருக்கிறது. அதில் 1868 என்று ஆண்டு. ஊரைவிட்டுத் தொலைவில், போர்களிலும் நோய்களிலும் கப்பல் சேதங்களிலும் இறக்கிற எங்கள் மாலுமிகளின் நினைவாக, ப்ரொயெல்லாச் சிலுவைகளை இங்கே வைக்கிறோம் என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். 'இறந்த' மாலுமிகள் இல்லை, 'இறக்கிற' மாலுமிகள். கட்டும்போதே இன்னும் வரும் என்று தெரிந்து கட்டியிருக்கிறார்கள். உள்ளே எலும்பு கிடையாது, சாம்பலும் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற மெழுகுச் சிலுவைகள் மட்டும்தான்.

பிரான்சின் மேற்கு ஓரத்தில், ப்ரெத்தாஞ் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிற தீவு இது. பிரெஞ்சில் வெசான். ஆங்கிலேய மாலுமிகளுக்கு உஷன்ட். தீவுக்காரர்களின் ப்ரெத்தோன் மொழியில் எனெஸ் எயுசா. நீளம் 8 கிலோமீட்டர், அகலம் 4. இன்று சுமார் 800 பேர் இருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தார்கள். லாம்போல்தான் தீவின் ஒரே பெரிய ஊர். அதற்கு ஒரு கோவில், சில கடைகள், ஒரு கல்லறைத் தோட்டம். மற்றதெல்லாம் காற்றும் புல்லும்.

நான் போனது நவம்பர் முதல் வாரம். பிரெஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் தீவுப் பக்கம் போகாமலே இருந்தேன். போனதற்கு ஒரு காரணம் உண்டு, அது காரைக்காலில் இருக்கிறது. வருகிறேன்.

லெ கோங்கேயில் படகு ஏறினால் நடுவில் மொலேன் என்ற குட்டித் தீவில் நின்று, பிறகு ஃப்ரோம்வெர் என்ற நீரோட்டத்தைத் தாண்ட வேண்டும். அதுவரை காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். மாலுமிகளிடையே ஒரு பழமொழி உண்டு: மொலேனைப் பார்த்தவன் தன் துன்பத்தைப் பார்த்தான், வெசானைப் பார்த்தவன் தன் ரத்தத்தைப் பார்த்தான், சேன் தீவைப் பார்த்தவன் தன் முடிவைப் பார்த்தான். தீவின் கரையிலும் சுற்றியுள்ள பாறைகளிலுமாக ஐந்து கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன. 1700இல் முடிந்த ஸ்டிஃப் அவற்றில் மூத்தது. 1863இன் க்ரெயாக் உலகின் மிகச் சக்தி வாய்ந்த விளக்குகளில் ஒன்று. லா ஜுமான் என்ற பாறைமேல் கோபுரம் எழுப்ப 1904இலிருந்து 1911 வரை ஏழு வருடம் பிடித்தது. அலை விட்டால்தானே கல் வைக்க முடியும். இணையத்தில் சுற்றுகிற அந்தப் புகைப்படம், ராட்சத அலை கோபுரத்தைச் சூழ வாசலில் ஒருவர் சாவகாசமாக நிற்பது, இந்த லா ஜுமான்தான். தீவு என்றால் எல்லோரும் அதையே அனுப்புகிறார்கள். எனக்கு அந்தப் படம் அலுத்துவிட்டது. விளக்கங்கள் கப்பலில் போகிறவர்களுக்காகக் கட்டியவை. தீவுக்காரர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டது வேறு.

வெசானின் ஆண்கள் பெரும்பாலும் மீனவர்கள் இல்லை. கரை அவ்வளவு மோசம், நல்ல துறைமுகமும் இல்லை. அதனால் வணிகக் கப்பல்களிலும் அரசின் கடற்படையிலும் சேர்ந்தார்கள். மீனவன் போனால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இவர்கள் போனால் மாதக்கணக்கு, வருடக்கணக்கு. தீவை நடத்தியது பெண்கள். கைக்குட்டை அளவுத் துண்டுகளாகப் பிரிந்து கிடந்த நிலத்தைக் கையால் கொத்தி உருளைக்கிழங்கும் பார்லியும் போட்டது, ஆடு வளர்த்தது, வீட்டைப் பார்த்தது எல்லாம் அவர்கள்தான். 'பெண்களின் தீவு' என்று வெளியூர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. அந்தப் பெண்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் கறுப்பு உடையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

அப்படிப்பட்ட ஊரில் சாவு கடிதமாகத்தான் வரும். கடலில் விழுந்தவனுக்கு உடல் இல்லை. மஞ்சள் காய்ச்சலில் செத்தவனை எங்கோ புதைத்துவிட்டார்கள். புதைக்க ஒன்றுமில்லாத சாவை என்ன செய்வது? இதற்குத் தீவு கண்டுபிடித்த வழிமுறைதான் ப்ரொயெல்லா. 'ப்ரோ' என்றால் ப்ரெத்தோனில் நாடு, சொந்த ஊர். ஊருக்குத் திரும்புதல் என்று அந்தச் சொல்லுக்கு அங்கே விளக்கம் சொல்கிறார்கள்.

சேதி முதலில் மனைவிக்குப் போகாது. பங்குச் சாமியாருக்கோ ஊர் அலுவலகத்துக்கோ வரும். அங்கிருந்து குடும்பத்தில் வயதான ஒரு ஆணுக்கு, பெரும்பாலும் ஞானத் தகப்பனுக்கு, சொல்லிவிடுவார்கள். அவர் பகலில் போகமாட்டார். இருட்டட்டும் என்று காத்திருப்பார். முதலில் மற்ற உறவுக்காரர் வீடுகளுக்குப் போய் ஒவ்வொருவராகத் தயார் செய்துவிட்டு, கடைசியாகத்தான் அந்த வீட்டுக்கு வருவார். ஜன்னலில் தட்டுவார். இன்று ராத்திரி உன் வீட்டில் ப்ரொயெல்லா, பிள்ளை, என்கிற மாதிரி ஒரு வாக்கியம், அவ்வளவுதான். இறந்துவிட்டான் என்ற சொல் அதில் கிடையாது. சொல்லி முடிப்பதற்குள் பின்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிடுவார்கள்.

மேஜையில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். மெழுகுதிரியின் மெழுகில் ஒரு சின்னச் சிலுவை செய்து, மடித்த வெள்ளைத் துணிமேல் வைப்பார்கள். இரண்டு பக்கமும் திரி எரியும். பக்கத்தில் ஒரு தட்டில் மந்திரித்த தண்ணீரும் தெளிப்பதற்கு ஒரு இலைக்கொத்தும். வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சிலுவைமேல் தண்ணீர் தெளித்துவிட்டு உட்காருவார்கள். இரவு முழுக்கச் செபம். உடல் கிடந்தால் என்னென்ன செய்வார்களோ அத்தனையும், எதுவும் குறையாமல்.

காலையில் சாமியார் குருசோடு வீட்டு வாசலுக்கு வருவார். ஞானத் தகப்பனோ நெருங்கிய உறவினரோ அந்த மெழுகுச் சிலுவையைத் துணியோடு ஏந்தி முன்னால் நடப்பார். பின்னால் வீடு, அதன் பின்னால் ஊர். கோவிலில் பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் அதை வைத்து, அடக்கப் பூசை முழுதாக நடக்கும். கடைசியில் சிலுவையைக் கோவிலுக்குள் இருக்கும் ஒரு மரப்பெட்டியில் போடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. சிலுவை அந்தப் பெட்டியிலேயே இருக்கும். அடுத்தடுத்து மற்ற வீடுகளின் சிலுவைகள் வந்து சேரும். வருடங்கள் கழித்து மேற்றிராணியார் வரும்போதோ பெரிய தியானம் நடக்கும்போதோ, பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரே ஊர்வலமாகப் போய், எல்லாச் சிலுவைகளையும் ஒன்றாகக் கல்லறைத் தோட்டத்தின் அந்தக் கல் கட்டடத்துக்கு மாற்றும். முதல் அடக்கம் ஒரு வீட்டுடையது. இரண்டாவது அடக்கம் ஊருடையது. அப்போது எந்தச் சிலுவை யாருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் 'குறியீடு' என்ற சொல்லைத் தவறாமல் போடுகிறார்கள். மெழுகு உடலின் குறியீடு, சிலுவை ஆன்மாவின் குறியீடு என்று. எனக்கு அது ஒட்டவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் நிலம் கைமாறுகிறதே, அந்த மாதிரிக் காரியம் இது. இரவு எட்டு மணிக்கு ஒருத்தி மாலுமியின் மனைவி. மறுநாள் மதியம் அவள் விதவை. நடுவில் என்ன நடந்தது என்று ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. இனி யாரும் அவளிடம் 'ஏதாவது தகவல் வந்துச்சா?' என்று கேட்க மாட்டார்கள்.

சரி, காரைக்கால்.

என் அப்பாவின் பெரியம்மாவை நாங்கள் பெரியாயா என்போம். அவர் கணவரை எங்கள் தலைமுறையில் யாரும் பார்த்ததில்லை. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. 1947இல் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் அது அதிசயமில்லை, தெருவுக்கு ஒரு சைகோன் வீடு இருக்கும். 1950இல் பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. ஊரில் பிரெஞ்சு படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அதில் இருந்த சொல் 'திஸ்பாரு'. பிரெஞ்சில் அதற்குக் காணாமல் போனவர் என்றும் பொருள், மறைந்தவர் என்றும் பொருள். வாசித்தவர் நல்ல மனுஷர், இரண்டில் மென்மையானதை எடுத்துக்கொண்டார். "காணோம்னு போட்டிருக்கும்மா."

"காணோம்னா தேடணும்ல?" என்றாராம் பெரியாயா.

இந்த ஒரு வரியை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிக் காட்டுவார்கள். சில பேர் சிரிப்பாகச் சொல்வார்கள். சித்தப்பா ஒருவர் மட்டும் சொல்லமாட்டார்.

அதன்பிறகு வந்தது காகிதச் சண்டை. விதவைப் பென்ஷன் வேண்டுமென்றால் கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்கு மனைவி மனு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "நான் எழுதிக் குடுத்து அவரைச் சாகடிக்கணுமா" என்று கேட்டுவிட்டு பெரியாயா உள்ளே போய்விட்டார். எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. கோவில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இட்லி விற்றுப் பிழைத்தார். தாலி கழுத்திலேயே இருந்தது. சாமியார் ஒரு பூசை வைத்தார், ஆனால் அது பத்தோடு பதினொன்றாக இன்னாருக்காக என்று கருத்து வாசிக்கிற பூசை. நாளைக்கு அவர் வந்து நின்றாலும் அந்தப் பூசையால் ஒரு பாதகமும் இல்லை.

கல்லறைத் திருநாள் அன்று, நவம்பர் 2, ஊரே தங்கள் தங்கள் கல்லறைகளில் திரி ஏற்றும்போது பெரியாயா நடுவில் இருக்கும் பெரிய குருசடியில் ஏற்றுவார். கல்லறை இல்லாதவர்கள் அங்கேதான் ஏற்றுவது வழக்கம். ஒரு திரிதான். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். "யாருக்கு ஆயா?" என்று கேட்டால் "சும்மா, பொதுவா" என்பார். எனக்குப் பதிமூன்று வயதாகும்போது இறந்தார். நீண்டநாள் காத்திருந்தார் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காத்திருப்பதை நிறுத்துவதற்கு யாரும் அவருக்கு ஒரு வாசல் திறந்துவிடவில்லை. கடிதமும் கையெழுத்தும் நேராக அவரிடம் வந்தன. வெசானில் அந்தக் கையெழுத்தை ஊர் போட்டது. மனைவி செய்ய வேண்டியது ஜன்னலில் தட்டினால் எழுந்து கதவைத் திறப்பது மட்டும்.

தீவின் கதையை நான் ரொம்ப அழகாக்கிவிடக் கூடாது. ஊர் முடிவு செய்வது என்றால் அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றும் அர்த்தம். ஒரு இரவுதான், காலையில் கறுப்பு உடை. நம்பிக்கை வைத்துக்கொண்டு இருக்கிற உரிமை பறிபோகிறது. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் இதைக் கேட்டேன், அந்த ஆள் உயிரோடு திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று. "மெழுகுதானே, உருக்கிடலாம்," என்றார். பிறகு சிரிக்காமல், "நீங்க இப்படிக் கேக்கறீங்க. எங்க பாட்டி காலத்துல யாரும் கேட்டிருக்க மாட்டாங்க," என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வெசானில் உடல் இல்லாத பெயர்கள். படகு நின்று வந்த மொலேனில் ஒரு தடவை இது தலைகீழாக நடந்தது. 1896 ஜூன் 16 இரவு, கேப் டவுனிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த டிரம்மண்ட் காஸில் என்ற ஆங்கிலேயக் கப்பல் இந்தப் பாறைகளில் மோதியது. சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த சுமார் 250 பேரில் பிழைத்தது மூன்றே பேர். அடுத்த நாட்களில் உடல்கள் கரை ஒதுங்கத் தொடங்கின. மொலேன் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமே உள்ள தீவு. சேதம் நடந்த இடத்தில் பிழைத்தவர்களையும் உடல்களையும் கரை சேர்த்து, பெயர் தெரியாத அந்நியர்களைத் தங்கள் ஆட்களைப் போலவே அடக்கம் செய்தார்கள். பல நூற்றாண்டு இங்கிலாந்தோடு கடலில் சண்டை போட்ட பகுதி இது. கரைக்கு வந்துவிட்ட உடல் எந்தக் கொடிக்கும் சொந்தமில்லை போலும்.

விக்டோரியா மகாராணி தீவுக்காரர்களுக்குப் பதக்கங்கள் அனுப்பினார். மொலேன் கோவிலுக்கு ஒரு கடிகாரம் வந்தது. அத்தோடு ஊருக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியும் கிடைத்தது. மழைநீரைத்தான் சேர்த்துவைத்துக் குடிக்க வேண்டிய தீவில் அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்க முடியும். ஆங்கிலேயத் தொட்டி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. சாவுக்குப் பதிலாக ஒரு நினைவுத்தூண் கேட்காமல் தண்ணீர் வாங்கிக்கொண்ட ஊர் என்பதால் மொலேன்மேல் எனக்குத் தனி மரியாதை.

கடைசி ப்ரொயெல்லா நடந்தது 1962இல் என்கிறார்கள். ஏன் நின்றது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அதிலெல்லாம் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒரு வழக்கம் நிற்கும்போது யாரும் கூடி முடிவெடுப்பதில்லை. ஜன்னலைத் தட்ட வேண்டிய கிழவர் இல்லை, அல்லது அந்த வீட்டில் ஜன்னலுக்குப் பின்னால் ஆளில்லை. 1968இல் அதே தீவின் நியூ உஹெல்லா என்ற குடியிருப்பில் பழைய வீடுகளை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பிரான்சில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அவர்கள் வாழ்க்கையைக் காட்டுகிற வகை அருங்காட்சியகங்களில் அதுதான் முதலாவது என்கிறார்கள். கடைசிச் சிலுவைக்கும் முதல் டிக்கெட்டுக்கும் நடுவில் ஆறே வருடம்.

அந்த வீட்டுக்குள் போனேன். தாழ்ந்த கூரை, நீண்ட ஒரே அறை. நடுவில் சுவர் கிடையாது, மரச்சாமான்களே தடுப்பு. அடுப்பு இருக்கும் பக்கத்துக்குப் பெயர் 'பென் லூஸ்', அழுக்கு முனை. விருந்தாளிக்கான பக்கம் 'பென் ப்ராவ்', அழகு முனை. தீவில் மரம் வளராது. அதனால் அலமாரி, கதவு வைத்த கட்டில், மேஜை எல்லாம் உடைந்த கப்பல்களிலிருந்து கரை ஒதுங்கிய பலகைகள். பலகைக்குப் பலகை நிறம் வேறாக இருப்பதை மறைக்கப் பளீர் நீலமும் வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். அழகுதான், இன்ஸ்டாவில் நன்றாக வரும். ஆனால் யோசித்தால், சிலுவை வைத்த அந்த மேஜையே இன்னொரு ஊர்க்காரனின் கப்பல். கணவனை விழுங்கின கடல் கொடுத்த பலகைமேல் கணவனுக்காகத் துணி விரிக்கிறார்கள். இதைப் பற்றி அங்கிருந்த விளக்க அட்டையில் ஒரு வார்த்தைகூட இல்லை. நல்லதுதான். அட்டையில் எழுதினால் அதுவும் குறியீடாகிவிடும்.

நவம்பர் 2 காலை மறுபடி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பிரான்ஸ் முழுக்க இந்த நாட்களில் கல்லறைகளுக்குச் சாமந்திப் பூத்தொட்டிகள் வைப்பார்கள். சாமந்தியைச் சாவுப் பூ என்று நினைப்பதால், யார் வீட்டுக்கும் அதை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று வந்த புதிதில் சக ஊழியர் எச்சரித்திருந்தார். லாம்போலிலும் தொட்டிகள் வரிசையாக இருந்தன, பாதியைக் காற்று கவிழ்த்திருந்தது. இரண்டு பெண்கள் அவற்றை நிமிர்த்திக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் வீட்டுக் கல்லறையில் தொடங்கி அப்படியே அடுத்த கல்லறை, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ப்ரொயெல்லாக் கட்டடத்தின் அடியிலும் ஒரு தொட்டி இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். ஒருத்தர் தோளைக் குலுக்கினார்.

இனி அந்தக் காரணம். பெரியாயாவின் கல்லறை உள்வாங்கிவிட்டது, கிரானைட்டில் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று காரைக்காலிலிருந்து அண்ணன், பெரியப்பா மகன், போன கோடையில் எழுதினார். கல்லில் பெரிய தாத்தாவின் பெயரையும் சேர்க்கலாமா என்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தார். நாற்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு. உடம்பே இல்லாமல் எப்படிப் பெயர் என்று அத்தை. ஆயா ஒத்துக்காததை நாம எப்படிச் செய்யறது என்று இன்னொருவர். அண்ணன் தனியாக எனக்கு அனுப்பினார்: "தம்பி, நீ அங்கதானே இருக்க. இறந்த தேதி ஏதாவது கிடைக்குமா பாரு. தேதி இருந்தா யாரும் பேச முடியாது."

பார்த்தேன். சில மாதம் கடிதம் எழுதி, காத்திருந்து, கிடைத்தது ஒரு வரி. பெயர், அதிலும் எழுத்துப்பிழை, பிரிவு, பிறகு அதே பழைய சொல்: 'திஸ்பாரு'. தேதி இல்லை. அந்தப் பதில் வந்த வாரம்தான் சக ஊழியர் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் பேச்சுவாக்கில் ப்ரொயெல்லா என்றார். அடுத்த சனிக்கிழமை படகு ஏறினேன்.

தீவிலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். சிலுவை, பெட்டி, 1868, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி, இப்ப கல்லுல என்ன போடறது? கல்தச்சர் நாளைக்கு வர்றார்."

"பேர் போடுங்க. பொறந்த வருஷம் போடுங்க. கோடு போட்டு அந்தப் பக்கம் விட்டுடுங்க."

"விட்டா, ஆள் உயிரோட இருக்காருன்னு ஆயிடாது?"

"சைகோன்னு போடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது.

"எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்கறான்," என்றார் அண்ணன். "சைகோன் மூணு எழுத்துதான்."

"மத்தவங்க என்ன சொல்வாங்க?"

"கட்டி முடிச்சுட்டு போட்டோ அனுப்பறேன். அப்புறம் சொல்லட்டும்."